கடைசி விலைக்காரர்

பாங்காக்கின் சத்துசக் சந்தைக் கூட்டத்தில் இவரைக் கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கையைப் பார்த்தால் போதும். துணியைத் தடவும், கசக்கும், வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும், பிறகு 'இதுல ஒண்ணுமில்ல' என்கிற மாதிரி உதறிப் போடும். வாங்குவதென்று முடிவாகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

பேரத்தில் இவர் ரங்கநாதன் தெருவில் தேறி, பாரிமுனையில் பட்டம் வாங்கியவர். எந்த விலையும் இவர் தலைக்குள் இரண்டு தடவை உருமாறும். நூற்றைம்பது பாட் என்றால் முதலில் ரெண்டரையால் பெருக்கி ரூபாயாக்குவார். அப்புறம் அந்தச் சாமானைத் தி.நகர் பிளாட்பாரத்தில் விரித்துப் பார்ப்பார். யானைப் படம் போட்ட அந்தத் தொளதொள பேண்ட் அங்கே விற்கிறதா என்பது வேறு விஷயம். விற்றால் என்ன விலை போகும் என்று மனசுக்குள் ஒரு தொகை வைத்திருக்கிறார். அதற்கு மேல் ஒரு பைசா தரமாட்டார். இங்கே வந்து சேர்வதற்கு ஆன விமான டிக்கெட்? அது டூர் கணக்கு. இதில் சேர்க்கக் கூடாது.

சனி, ஞாயிறில்தான் முழுச் சந்தை. காலை ஒன்பதுக்கே கம்பெங் பெட் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, "போணி நேரத்துல போனா படிஞ்சிரும்" என்று மனைவியை விரட்டுவார். இந்த ஒன்றில் மட்டும் இவருடைய சாத்திரம் தாய்லாந்திலும் செல்லும். முதல் வியாபாரம் தட்டிப்போகக் கூடாது என்பது அவர்களுக்கும் நம்பிக்கைதான். போணியான நோட்டை எடுத்துக் கடையிலுள்ள மற்ற சரக்கையெல்லாம் தட்டித் தட்டி வருவார்கள். ஒரு கடைக்காரம்மா அப்படித் தட்டியதைப் பார்த்தவர், "பாத்தியா, நம்ம கைராசி கடல் தாண்டி வந்திருக்கு" என்றார். பத்து பாட் குறைத்த கைராசி அது.

பேரத்துக்குத் தாய் மொழி தெரிய வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். நடுவில் ஒரு கால்குலேட்டர் போகும், வரும். யானை பேண்ட் கடை அம்மா 150 என்று தட்டிக் காட்டுவார். இவர் அழித்துவிட்டு 50 என்பார். அவர் சிரித்துக்கொண்டே 140 என்பார். இவர் 55 என்பார். "யம்மா, கடைசியா சொல்லும்மா" என்று தமிழிலேயே கேட்பார். குரல் இறங்குகிற விதத்திலேயே அந்த அம்மாவுக்குப் புரிந்துவிடும், 135 என்று தட்டுவார்.

அப்போதுதான் பிரம்மாஸ்திரம்: நடையைக் கட்டுவது.

ஊரில் நாலாவது அடி வைப்பதற்குள் "சார், சார், வாங்க" என்று குரல் வரும். இங்கே வரவில்லை. அந்த அம்மா அதே சிரிப்போடு அடுத்த ஆளைப் பார்த்துவிட்டார். இவர் வேகத்தைக் குறைத்தார். செருப்பு வாரைச் சரி செய்தார். பக்கத்துக் கடையில் மெழுகுவர்த்தியை முகர்ந்தார். காது மட்டும் பின்னாலேயே நின்றது. இரண்டு சந்து சுற்றிவிட்டு, "சரி, பாவம், குடுத்துட்டுப் போவோம்" என்று திரும்பினால் கடையைக் காணோம். இருபத்தேழு பிரிவு, ஆயிரக்கணக்கில் கடை, எல்லாச் சந்திலும் அதே யானை பேண்ட், ஆனால் பழையபடி 150. தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டு, மணிக்கூண்டை மூன்று திசையிலிருந்து தரிசித்தாயிற்று.

"ஏங்க, முப்பது ரூபாய்க்கா இந்த அலைச்சல்?"

"முப்பத்தேழரை. நீ சும்மா இரு."

வழியில் தேங்காய்ச் சிரட்டையில் ஐஸ்கிரீம். சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்தார். உருகுகிற சரக்கில் பேரம் ஆகாதாம்.

கடைசியில் சிக்கியது வேறு கடை. அங்கேதான் தாய்லாந்து வியாபாரியின் நிஜமான ஆயுதத்தைச் சந்தித்தார். ஒன்று எடுத்தால் ஒரு விலை, மூன்று எடுத்தால் ஒரு விலை, டஜன் என்றால் மொத்த விலை. கெஞ்ச வேண்டாம், கோபித்துக்கொள்ள வேண்டாம், எண்ணிக்கையைக் கூட்டினால் விலை தானே இறங்கும். இப்படி ஒரு மரியாதையை இவருக்கு எந்த ஊரும் கொடுத்ததில்லை. ஒரு பேண்ட் வாங்க வந்தவர் டஜன் எடுத்தார். "யாருக்குங்க இவ்வளவு?" என்றதற்குச் சம்பந்தி வீடு, வாட்ச்மேன், மாடி வீட்டுப் பையன் என்று ஆள் சேர்த்தார். பிறகு பக்கத்துக் கடையில் பை ஒரு டஜன், எதிர்க்கடையில் சோப்பு இரண்டு டஜன். அதையெல்லாம் வைக்க ஒரு பெட்டி. அந்தப் பெட்டி ஒன்றுதான் ஒற்றையாக வாங்கியது. அதனால் அதில் மட்டும் ஏமாந்துவிட்டதாக இன்றைக்கும் வருத்தம்.

விமான நிலையத்தில் எடை ஆறு கிலோ கூடுதல் என்று தொகையைத் திரையில் காட்டினாள் கவுன்ட்டர் பெண். இவர் அதை உற்றுப் பார்த்தார். ரெண்டரையால் பெருக்கினார். பிறகு குரலை இறக்கி, "மூணு பெட்டிக்கும் சேத்துப் போட்டா கடைசியா எவ்வளவும்மா?" என்று கேட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் நாலடி நடந்தும் பார்த்தார்.