சண்டையை நிறுத்தாதீர்கள்: இரு மகா ஸ்தாபனங்களுக்கு ஒரு விண்ணப்பம்

விசா கம்பெனியார், அமேசான் கம்பெனியார் ஆகிய இரு திறத்தாரின் சமூகத்துக்கு,

நுகர்வோர் என்னும் பெருங்குடியில் பிறந்து, தங்கள் இருவருக்கும் அறிந்தும் அறியாமலும் கப்பம் கட்டிவருகிற அடியேன் சகல மரியாதைகளுடனும் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

பிரிட்டன் தேசத்தில் தாங்கள் ஆரம்பித்த சண்டையை மூன்றே மாதங்களில் முடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் ஆரத் தழுவிக்கொண்டது பற்றிப் பத்திரிகைகளும் வங்கிகளும் பங்குச் சந்தைப் பண்டிதர்களும் பரம திருப்தி அடைந்தார்கள். அடியேனுக்கு மட்டும் அந்தச் சமாதானம் ஆழ்ந்த விசனத்தை அளித்திருக்கிறது. அதன் காரணத்தைச் சாவகாசமாக எடுத்துச் சொல்ல அனுமதி தரவேண்டும்.

2021ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் தேதி, கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடு பிடிக்கும் பருவத்தில், அமேசான் கடையார் பிரிட்டனிலுள்ள தம் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலில் ஒரு திருமுகம் அனுப்பினார்கள். பிரிட்டனில் வழங்கப்பட்ட விசா கடன் அட்டைகளை 2022 ஜனவரி 19 முதல் ஏற்பதற்கில்லை என்பதும், விசாவார் வாங்கும் கட்டணம் மிகையானது என்பதும், தொழில்நுட்பம் வளர வளரக் குறைந்திருக்க வேண்டிய செலவு குறையாமல் நிற்கிறது, சில வேளை ஏறவும் செய்கிறது என்பதும் அதன் சாரம். விசாவின் டெபிட் அட்டைக்குத் தடை இல்லை. பிற கம்பெனிகளின் கடன் அட்டைகளுக்கும் தடை இல்லை. பொறுக்கமுடியாத அந்தக் கட்டணத்தைப் பண்டிகை விற்பனை முடிந்து மேலும் சில வாரங்கள் வரை பொறுத்துக்கொள்ள முன்வந்த கடையாரின் சகிப்புத்தன்மையை இங்கே வியக்காமல் இருக்க முடியவில்லை.

விசாவார் சும்மா இருப்பார்களா? வாடிக்கையாளரின் விருப்ப சுதந்திரத்துக்குக் கடையார் விலங்கு பூட்டப் பார்க்கிறார்கள் என்று மனம் நொந்து மறுமொழி வெளியிட்டார்கள். ஆக, எங்கள் பணத்தைக் காப்பாற்ற ஒருவரும், எங்கள் சுதந்திரத்தைக் காப்பாற்ற மற்றொருவரும் ஏககாலத்தில் எழுந்தருளினீர்கள். இவ்விரு ரக்ஷகர்களில் எவரும் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது வாஸ்தவம்தான். ஆனால் ரக்ஷிக்கப்படுகிறவனின் அபிப்பிராயத்தைக் கேட்டுவிட்டு ரக்ஷிக்கும் வழக்கம் எந்த சாம்ராஜ்யத்தில் இருந்திருக்கிறது?

கல்யாண வீட்டில் சம்பந்திகள் இருவரும் முகம் மலர்ந்து சந்தனம் பூசிக்கொண்டிருக்கும் வரையில் சீர் எவ்வளவு, ரொக்கம் எவ்வளவு என்பது ஊராருக்குத் தெரியாது. சண்டை மூண்டு, நடுப்பந்தலில் நின்று ஒருவர் கணக்கை மற்றொருவர் உரக்கப் படிக்கத் தொடங்கும்போதுதான் பந்தியில் உட்கார்ந்திருப்பவனுக்கும் விவரம் எட்டுகிறது. தங்கள் சண்டையால் எங்களுக்கு விளைந்த உபகாரமும் இத்தன்மையதே. அட்டையை நீட்டிப் பொருள் வாங்கும் ஒவ்வொரு முறையும் நடுவில் ஒரு பங்கு பிரிந்து போகிறது என்ற ரகசியம் தங்கள் வாக்குவாதத்தின் புண்ணியத்தால்தான் சாமானியர் காதில் விழுந்தது.

அந்தப் பங்கு எப்படிப் பிரிகிறது என்பதைச் சிறிது கிட்டப் போய்ப் பார்ப்போம். லண்டனில் ஒரு மூதாட்டி நூறு பவுண்டு விலையில் ஒரு கம்பளிப் போர்வை வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அட்டையின் முகத்திலுள்ள பதினாறு இலக்கங்களையும் முதுகிலுள்ள மூன்று இலக்கங்களையும் ஒவ்வொன்றாகத் தட்டி முடிக்கிறாள். கடைக்காரரின் வங்கி விசாவின் பாதை வழியாக மூதாட்டியின் வங்கியைக் கேட்கிறது. அது சரி என்கிறது. ஆனால் நூறு பவுண்டும் கடைக்குப் போய்ச் சேர்வதில்லை. அட்டை வழங்கிய வங்கிக்கு ஒரு பங்கு, கடைக்காரரின் வங்கிக்கு ஒரு பங்கு, பாதைக்குச் சொந்தக்காரரான விசாவுக்கு ஒரு பங்கு என்று கழிந்தது போக மிஞ்சியதே கடைக்கு. இதில் விசாவார் கடன் கொடுப்பதில்லை. அட்டையை வழங்குவதும் வங்கிதான். வங்கிக்குப் போகும் பங்கின் வீதத்தை நிர்ணயிக்கும் சிரமத்தை மட்டும் அவர்கள் தம் தலையில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். மூதாட்டியின் ரசீதிலோ போர்வையின் விலை இருக்கிறது, அஞ்சல் செலவு இருக்கிறது, வரி இருக்கிறது. இந்தப் பங்குகளைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை.

வங்கியின் பங்குக்கு ஐரோப்பிய ஒன்றியத்தார் 2015இல் ஓர் உச்சவரம்பு கட்டினார்கள்: கடன் அட்டைக்கு 0.3 சதவீதம், டெபிட் அட்டைக்கு 0.2 சதவீதம். நூறு பவுண்டுக்கு முப்பது பென்ஸ் என்றால் யாருக்கும் வலிக்காது. பிறகு பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. பிரிட்டிஷ் அட்டையைக் கொண்டு ஐரோப்பிய வியாபாரியிடம் இணையத்தில் வாங்கினால் அந்த உச்சவரம்பு செல்லாது என்ற நிலை ஏற்பட்ட பின், 2021 அக்டோபரில் விசாவின் பாதையில் வங்கியின் பங்கு கடன் அட்டைக்கு 1.5 சதவீதமாகவும் டெபிட் அட்டைக்கு 1.15 சதவீதமாகவும் உயர்ந்தது. முப்பது பென்ஸ் ஒன்றரைப் பவுண்டு ஆயிற்று. போர்வையின் கதகதப்பு ஐந்து மடங்கு ஆகவில்லை. கம்பியில் செல்லும் செய்திக்கும் கடல் தாண்டுவதில் புதிதாக எந்தச் சிரமமும் உண்டாகவில்லை. ஒரு தேசம் தன் சுதந்திரத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது ஒரு சதவீத எண் சத்தமில்லாமல் இடம் பெயர்ந்தது, அவ்வளவுதான்.

இதே உயர்வை இதே மாதத்தில் மாஸ்டர்கார்டு கம்பெனியாரும் செய்தார்கள். அவர்கள் அட்டையை அமேசான் கடையார் விலக்கவில்லை. பிரிட்டனில் அமேசானின் திருநாமத்தைப் பொறித்துக்கொண்டு உலவிய கடன் அட்டை அக்காலத்தில் மாஸ்டர்கார்டு குலத்தைச் சேர்ந்தது என்பதைத் தற்செயல் என்றே கொள்ள வேண்டும். பிறர்மேல் சந்தேகம் கொள்வது சத்குணம் அன்று. மேலும், அட்டையை மாற்றிக்கொள்ளும் வாடிக்கையாளர்களுக்குச் சன்மானம் அறிவிக்கப்பட்டது. சிலருக்கு அது இருபது பவுண்டு. நூற்றுக்கு இவ்வளவு போகிறதே என்று கண்ணீர் உகுத்த கடையார், அதே கையால் இருபது பவுண்டை அள்ளி வழங்கியதைக் கண்ட பின்பும் வணிகர்களைக் கருமிகள் என்று யார் சொல்லத் துணிவார்கள்?

கட்டணம் கனக்கிறது என்றால் அதைத் தனியாகக் கேட்டு வாங்கக்கூடாதா என்று அறியாதவர் கேட்கலாம். சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் 2021இல் அமேசான் அப்படித்தான் செய்தது. விசா கடன் அட்டைக்கு 0.5 சதவீதம் கூடுதல். பிரிட்டனில் அதற்கு வழி இல்லை. அட்டை கொண்டு வாங்கும் நுகர்வோரிடம் அதற்கெனத் தனிக்கட்டணம் கேட்பதை அங்குள்ள சட்டம் 2018 ஜனவரி முதல் தடை செய்துவிட்டது. நுகர்வோரைக் காக்கப் பிறந்த அந்தச் சட்டத்தின் பயனாகக் கட்டணம் மறைந்ததா என்றால், பார்வையிலிருந்து மறைந்தது. பொருளின் விலைக்குள் புகுந்து குடியேறியது. இப்போது அட்டையே இல்லாதவனும் அதைச் செலுத்துகிறான். அட்டை வைத்திருப்பவனுக்கு அதிலிருந்து ஒரு துளி வெகுமதிப் புள்ளி என்ற பெயரால் திரும்பி வருகிறது. தன் பையிலிருந்து போனதில் ஒரு பகுதியைப் பரிசாகப் பெற்ற அவன் அகமகிழ்ந்து வங்கியை வாழ்த்துகிறான்.

டெபிட் அட்டையைப் பயன்படுத்திக்கொள்ளலாமே என்று தங்களில் ஒருவர் காட்டிய மாற்று வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டனின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தில் 75ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நூறு பவுண்டுக்கு மேல் முப்பதாயிரம் பவுண்டு வரை விலையுள்ள ஒரு பொருளைக் கடன் அட்டையில் வாங்கி, அது வந்து சேராமலோ பழுதாகவோ போனால், விற்றவரோடு அட்டை வழங்கியவரும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் விதி. டெபிட் அட்டைக்கு இந்தக் கவசம் கிடையாது. ஆகவே, அந்த வழியில் போயிருந்தால், எங்கள் நன்மைக்காகத் தாங்கள் தொடுத்த யுத்தத்தில் நாங்கள் முதலில் களைந்து வைத்திருக்க வேண்டியது எங்கள் கவசத்தைத்தான்.

இத்தனைக்கும் பிறகு, கெடு தீர இரண்டு நாள் இருக்கையில், ஜனவரி 17ஆம் தேதி மற்றொரு திருமுகம் வந்தது: 19ஆம் தேதி எந்த மாறுதலும் நிகழாது. சரியாக ஒரு மாதம் கழித்துப் பிப்ரவரி 17ஆம் தேதி, உலகம் முழுவதற்கும் பொருந்தும் உடன்பாடு ஏற்பட்டதாக இரு திறத்தாரும் அறிவித்தீர்கள். சிங்கப்பூர், ஆஸ்திரேலியா ஆகிய இடங்களின் கூடுதல் கட்டணமும் கைவிடப்பட்டது. உடன்பாட்டின் ஷரத்துகளை மட்டும் வெளியிடவில்லை. யுத்தப் பிரகடனம் எங்கள் ஒவ்வொருவர் வாசலுக்கும் வந்தது. சமாதானப் பத்திரமோ பெட்டிக்குள் வைத்துப் பூட்டப்பட்டது. யார் விட்டுக்கொடுத்தார்கள், எத்தனை பென்ஸ் குறைந்தது, குறைந்த பென்ஸ் போர்வையின் விலையில் இறங்கியதா என்ற கேள்விகளைக் கேட்பது இங்கிதம் அல்ல என்று அடியேனும் அறிவேன்.

இது தங்கள் தொழிலுக்குப் புதிய கலை அன்று. 2016இல் கனடாவின் வால்மார்ட் கடையார் தண்டர் பே நகரிலும், பிறகு மானிட்டோபா மாகாணத்திலும் விசா அட்டையை விலக்கினார்கள். 2017 ஜனவரியில் உடன்பாடு கண்டார்கள். பெரிய கடை கோபிக்கும், சில மாதம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பிறகு சமாதானம் ஆகும். தெருமுனையில் பத்திரிகையும் பாலும் விற்கிற சிறு கடைக்காரருக்குக் கோபிக்கும் வசதியும் இல்லை. அவர் அட்டையை மறுத்தால் சமாதானம் பேச யாரும் வரமாட்டார்கள். வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார், அவ்வளவே.

அரசாங்கம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது என்று சொன்னால் அது அபாண்டம். பிரிட்டனின் பணச் செலுத்துமுறை ஒழுங்காணையத்தார் இதே போல், ஐரோப்பிய அட்டையைக் கொண்டு பிரிட்டிஷ் வணிகரிடம் இணையத்தில் வாங்கும்போது ஏற்பட்ட கட்டண உயர்வை ஆராய்ந்து, அதனால் பிரிட்டிஷ் வணிகர்கள் ஆண்டுக்கு 15 கோடி முதல் 20 கோடி பவுண்டு வரை அதிகமாகச் செலுத்துகிறார்கள் என்று கண்டு சொன்னார்கள். 2025 மார்ச்சில் அரசாங்கம் ஒரு முடிவை அறிவித்தது. அந்த ஆணையத்தைக் கலைத்து வேறோர் அமைப்புடன் சேர்த்துவிடுவது என்பதே அந்த முடிவு.

ஆகையால் எங்களுக்கு வேறு புகலிடம் இல்லை. தங்கள் கோபமே கதி. எங்கள் கோரிக்கை மிக எளியது. இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். ஒவ்வொரு ரசீதிலும் பொருளின் விலைக்குக் கீழே, வங்கிக்கு இவ்வளவு, விசாவுக்கு இவ்வளவு என்று ஒரு வரி அச்சிடுங்கள். அதற்கு மனம் வராவிட்டால் வருஷம் தவறாமல் நவம்பர் மாதத்தில் சண்டை போடுங்கள், ஒருவர் கணக்கை ஒருவர் பகிரங்கமாக வாசியுங்கள், சமாதானத்துக்கு அவசரப்படாதீர்கள். தாங்கள் ஒற்றுமையாக இருக்கும் நாட்களில் நாங்கள் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதே எங்களுக்குத் தெரிவதில்லை.

இங்ஙனம்,
இரு திறத்தாருக்கும் படியளந்துவரும்
ஒரு நுகர்வோன்