பரண்மேல் வட்டு: இல்லச் சேமிப்பகத்தில் மெய்யும் மெய்நிகரும்

குரோம்பேட்டையில் இரண்டு படுக்கையறை கொண்ட ஓர் அடுக்ககம். அதில் குளியலறைக்கு மேலுள்ள பரணில், பித்தளை அண்டாவுக்கும் கொலுப்படிப் பலகைகளுக்கும் நடுவே கணினி ஒன்று இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதனுள் இருக்கும் இரண்டு 4 டிபி வட்டுகளும் இரும்பின்மேல் நேராகக் குடியிருக்க வேண்டுமா, மாயையின் வழியாகக் குடியிருக்க வேண்டுமா என்ற கேள்வியை இதுவரை எந்தத் தமிழ்த்துறையும் கையில் எடுக்கவில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். வேறு நோக்கம் எதுவும் கிடையாது என்று இவ்வாய்வாளர் தம் நெறியாளரிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

நெறியாளர் என்றது மனைவியை. நிதி ஒதுக்குபவர், இடையில் நிறுத்துபவர், முடிவை முன்பே அறிந்தவர் என்ற மூன்று தகுதியும் அவருக்கு உண்டு. புறத்தேர்வாளர், ஆய்வாளரின் தாயார்.

வட்டுகளில் உள்ளவை: மகள் பிறந்தது முதல் ஏழாம் வகுப்பு வரையிலான படங்கள், வீட்டுப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றின் ஸ்கேன், ஆறு டிவிடியிலிருந்து இறக்கிய கல்யாண வீடியோ. அந்த ஆறில் நான்கு டிவிடி சாப்பாட்டுப் பந்தி மட்டுமே என்பதால் இவ்வாய்வு அதற்குள் புகவில்லை.

கலைச்சொல் ஆராய்ச்சி

எந்த ஆய்வேடும் சொல்லாராய்ச்சியில் தொடங்கினால்தான் முதல் முப்பது பக்கம் நிறையும். 'மெய்நிகர்' என்பது மெய்யை ஒத்தது என விரியும். மெய் என்றால் உண்மை, உடல், புள்ளி வைத்த எழுத்து என மூன்று பொருள். மூன்றும் இங்கே பொருந்துவது வியப்பு. புள்ளி வைத்த எழுத்து உயிர் ஏறாமல் தனியே ஒலிக்காது. வட்டும் மென்பொருள் ஏறாமல் வெறும் எடைதான். உயிர் நேராக மெய்யின்மேல் ஏறினால் உயிர்மெய். அதுவே வெற்றிரும்பு முறை. நடுவில் ஹைப்பர்வைசர் என்ற ஒன்று உட்கார்ந்துகொண்டு, உயிரிடம் 'நான்தான் மெய்' என்றும் மெய்யிடம் 'நான்தான் உயிர்' என்றும் சொன்னால் அது மெய்நிகர் முறை. இலக்கணத்தில் இதற்கு இடமில்லை. அரசியலில் உண்டு.

வட்டு என்ற சொல்லையும் நம்பிவிடக் கூடாது. ரிச்சி தெருவில் ஒரு கடையில் 'வன்வட்டு இருக்கிறதா' என்று இவ்வாய்வாளர் கேட்டபோது, கடைக்காரர் சற்று யோசித்துவிட்டு, 'அது பக்கத்து சந்துல கேளுங்க சார்' என்றார். ஹார்டுடிஸ்க் என்றதும் 'இன்டர்னலா எக்ஸ்டர்னலா' என்று இரண்டு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

முன்னோர் கொள்கைகள்

மெய்நிகர் வட்டு ஏதோ இந்தக் காலத்துப் பிள்ளைகளின் சேட்டை என்று கருதுவோர் உளர். அது பிழை. ஐபிஎம் நிறுவனம் 1956இல் ராமாக் என்ற முதல் வட்டுச் சாதனத்தை வெளியிட்டது. 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள். மொத்தமாய் அது கொண்டது 50 லட்சம் எழுத்து. நம் வீட்டுத் தாம்பாளத்தைவிடப் பெரிய தட்டு ஐம்பது சுழன்றும் இன்றைய கைப்பேசிப் படம் இரண்டைத் தாங்காது. 1960கள் முடிவதற்குள் அதே ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையத்தார் ஒரு கணினியைப் பல கணினிகளாகத் தோன்றவைத்துவிட்டனர். பெரிய வட்டைக் கூறுபோட்டு, ஒவ்வொருவரிடமும் 'இது உன் சொந்த வட்டு' என்று கொடுத்து, அதற்கு 'மினிடிஸ்க்' எனப் பெயரும் இட்டனர். சொத்து ஒன்று, பங்காளிகள் பலர், ஆளுக்கொரு பாகம் என்ற தோற்றம். கூட்டுக்குடும்பம் கண்ட நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பின் மூலநூல் இசட்எஃப்எஸ் என்ற கோப்புமுறை. ஜெஃப் பான்விக், மேத்யூ அஹ்ரென்ஸ் இருவரும் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் 2001இல் தொடங்கியது; 2005இல் மூலநிரலோடு வெளிவந்தது. இதன் குணம் சந்தேகம். வட்டு திருப்பித் தரும் ஒவ்வொரு துண்டையும் தன்னிடமுள்ள சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுத்தான் ஏற்கும். தவறென்றால் இன்னொரு வட்டிலுள்ள படியிலிருந்து திருத்திக்கொள்ளும். பழைய எழுத்தின்மேல் எழுதாது. புது இடத்தில் எழுதி முடித்த பிறகே பழையதைக் கைவிடும். அடித்தல் திருத்தல் இல்லாத பேரேடு எழுதிய பழைய கணக்குப்பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். இப்படிப்பட்ட சந்தேகக்காரருக்கும் வட்டுக்கும் இடையே ஓர் இடைத்தரகரை உட்காரவைக்கலாமா என்பதே மொத்தச் சண்டையும்.

சண்டையின் இரு அணிகளையும் வைணவத்தார் எடுத்தாளும் இரு குட்டிகளால் விளக்கலாம். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். இசட்எஃப்எஸ்ஸைச் சுமந்துவரும் ட்ரூநாஸ் போன்ற சேமிப்பு இயங்குதளத்தை நேராகக் கணினியில் நிறுவுவோர் இவ்வழியினர். பூனைக்குட்டியோ சும்மா இருக்கும், தாய் கவ்விக்கொண்டு போகும். 2008 முதல் வியன்னாவிலிருந்து வரும் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற ஹைப்பர்வைசரை முதலில் நிறுவி, அதனுள்ளே சேமிப்பகத்தை ஒரு மெய்நிகர் பொறியாக வளர்ப்போர் அவ்வழியினர். எந்தப் பூனையின் வாயில் இருக்கிறோம் என்பதும் முக்கியம். பிராட்காம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கியது; 2024 பிப்ரவரியில் அதன் இலவச ஹைப்பர்வைசர் நின்றது; 2025 ஏப்ரலில் திரும்ப வந்தது. அந்த இடைவெளியில் பல வீட்டுக் குட்டிகள் வேறு பூனைக்கு மாறிவிட்டன.

களப்பணி: முதற்கட்டம்

இவ்வாய்வாளர் குரங்காகத்தான் தொடங்கினார். சேமிப்புக்கு ஒரு கணினி, மற்ற வேலைகளுக்கு ஒரு கணினி. இரண்டும் ரிச்சி தெருவில் வாங்கிய பழைய அலுவலகப் பெட்டிகள். சும்மா இருக்கையில் ஒன்று 40 வாட் குடிக்கும். நாளெல்லாம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 58 யூனிட். இரண்டு பெட்டிக்கு 115. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதை நெறியாளர் அறிவார். அந்த நூறையும் பரணே தின்றுவிட்டுப் போவதை மின்கட்டண அட்டையை வைத்தே நிறுவினார். வெற்றிரும்பு முறையை எதிர்த்து இதுவரை வந்த வாதங்களில் இதைவிட வலுவானது ஆய்வாளர் கண்ணில் படவில்லை.

ஆகவே ஒரே பெட்டி, ப்ராக்ஸ்மாக்ஸ், உள்ளே எல்லாம் என்றானது. வட்டுகளில் பெரிய கோப்புகளை உண்டாக்கி, அவற்றையே வட்டுகள் என்று சொல்லி உள்ளிருக்கும் ட்ரூநாஸிடம் கொடுத்தாயிற்று. அது நம்பிவிட்டது. ஊரையே சந்தேகிக்கும் இசட்எஃப்எஸ்ஸுக்கு இது தெரியவில்லை என்பதில் ஆய்வாளருக்குக் கொஞ்சம் வருத்தம்.

இங்கேதான் இவ்வாய்வின் தலைசிறந்த கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. ட்ரூநாஸின் திரையில் வட்டின் பெயர் 'கியூஎமு ஹார்டுடிஸ்க்' என்று இருந்தது. எந்தக் கம்பெனி, எந்த வரிசை எண் என்பதெல்லாம் போய், ஆதி அந்தம் அற்ற பெயர். சாட்டா வட்டாக நடிக்கும்படி அமைத்திருந்ததால் உடல்நலம் விசாரித்தால் பதிலும் சொன்னது. வெப்பநிலை 31 டிகிரி. ஓடிய நேரம் ஒரு மணி. மறுநாள் கேட்டால் 31 டிகிரி, ஒரு மணி. மே மாதம் வெளியே 41 டிகிரி அடித்து, பரணில் கைவைத்தால் அண்டா சுட்ட நாளிலும் 31 டிகிரி, ஒரு மணி. ப்ராக்ஸ்மாக்ஸுக்கு அடியில் வன்பொருளாக நடிக்கும் கியூஎமு நிரலுக்குள் அந்த எண்களை மாறா எண்களாகவே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது பின்னர்த் தெரிந்தது. என்றும் பதினாறு என்று மார்க்கண்டேயனைச் சொல்வோம். இது என்றும் ஒரு மணி. வேறு வகை மெய்நிகர் வட்டாக அமைத்தால் இந்தப் பொய்கூட வராது, வாயே திறக்காது. எது மேல் என்பதில் ஆய்வாளருக்கு இன்னும் தெளிவில்லை.

இதைவிட நுட்பமான ஆபத்தும் உண்டு. இசட்எஃப்எஸ் முக்கியமான ஒன்றை எழுதியதும் 'உண்மையாகவே தட்டில் ஏறிவிட்டதா' என்று நிறுத்திக் கேட்கும். மெய்நிகர் வட்டுக்கான கேஷ் அமைப்புகளில் ஒன்று அந்தக் கேள்வியையே காதில் வாங்காமல் 'ஏறிவிட்டது' என்றுவிடும். அடுக்ககத்து வாட்ச்மேன் கூரியரில் கையெழுத்துப் போட்டு வாங்கி நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டு, 'வந்தாச்சு சார், மேல குடுத்தாச்சு' என்பதைப் போல. கரண்ட் போகாதவரை அவர் சொன்னது உண்மைதான். நியாயமாக, அந்த அமைப்பின் பெயரே 'அன்சேஃப்'. வேகமாக இருக்கிறது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுத்தது வாட்ச்மேன் குற்றமாகாது.

களப்பணி: மின்தடை

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, காலை 9 முதல் 2 வரை. யுபிஎஸ் 15 நிமிடம் தாங்கி ஓய்ந்தது. மதியம் மூன்று மணிக்கு அலுவலகத்தில் இருந்த ஆய்வாளருக்கு நெறியாளரிடமிருந்து அழைப்பு.

'ஏங்க, நெட் வரல.'

'கரண்ட் வந்துடுச்சா?'

'வந்து ஒரு மணி நேரம் ஆச்சு. அத்தை சீரியல் பாக்கணும்னு உக்காந்திருக்காங்க.'

'மேல பெட்டியில லைட் எரியுதா பாரு.'

'மூணு எரியுது. ஒண்ணு சிமிட்டுது. எதைச் சொல்றீங்க? நான் முக்காலி மேல நிக்கிறேன், சீக்கிரம் சொல்லுங்க.'

நடந்தது இது. இணைய முகவரிகளைத் தேடித் தரும் டிஎன்எஸ் சேவையும் அதே பெட்டியில் இன்னொரு மெய்நிகர் பொறி. அந்தப் பொறியின் வட்டுக்கோப்பு, உள்ளே இருக்கும் ட்ரூநாஸ் நெட்வொர்க் வழியாகப் பகிர்ந்த அடைவில் இருந்தது. பெட்டி விழித்ததும் டிஎன்எஸ் பொறியை எழுப்பப் பார்த்தது. அதன் வட்டு ட்ரூநாஸிடம். ட்ரூநாஸோ இன்னும் பல் துலக்கிக்கொண்டிருந்தது. 'வட்டு இல்லை' என்று எழுதிவைத்துவிட்டு ப்ராக்ஸ்மாக்ஸ் அடுத்த வேலைக்குப் போய்விட்டது, மறுபடி முயலவில்லை. நான்கு நிமிடத்தில் ட்ரூநாஸ் தயார், ஆனால் கேட்க ஆளில்லை. தருக்க நூலார் அன்யோன்யாச்ரயம் என்று இதன் பங்காளிக் குற்றத்தைத்தான் சொன்னார்கள். வீட்டில் இதற்குப் பெயர், பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவது.

மாலை ஆறரைக்கு ஆய்வாளர் வந்து சேரும்வரை புறத்தேர்வாளர் சீரியல் பார்க்கவில்லை. இதுபற்றி அவர் ஒன்றும் சொல்லவும் இல்லை. அதுதான் கடுமையான குறிப்புரை.

இடைநெறி

வட்டுகளைத் தனித்தனியே கொடுக்காமல், அவை செருகியிருக்கும் கட்டுப்பாட்டு அட்டையை அப்படியே உள்ளிருக்கும் பொறியிடம் ஒப்படைப்பது ஒரு வழி. செயலியிலும் மதர்போர்டிலும் ஐஓஎம்எம்யூ என்ற வசதி இருக்க வேண்டும். அதன் பிறகு ஹைப்பர்வைசருக்கு அந்த அட்டை கண்ணிலேயே படாது. ஒரே வீட்டில் தனி வாசல், தனி மீட்டர் வைத்த போர்ஷன் என்று கொள்க. விலை இல்லாமல் இல்லை. அந்தப் பொறிக்குக் கொடுத்த 8 ஜிபி நினைவகம் முழுதும் கட்டிப்போடப்படும். பயன்படுத்தாவிட்டாலும் திரும்ப வராது. சீதனம் மாதிரி. மலிவான மதர்போர்டுகளில் அட்டையும் நெட்வொர்க் போர்ட்டும் ஒரே குழுவில் மாட்டிக்கொண்டிருக்கும். அதைக் கொடுத்தால் இதுவும் கூடவே போய், தாய்வீடு இருட்டாகிவிடும்.

ரிச்சி தெருவில் பழைய எல்எஸ்ஐ அட்டை ஒன்று கிடைத்தது. ரெய்டு என்று தன் புத்தியைக் காட்டாமல் வட்டை வட்டாகவே காட்டும் 'ஐடி மோட்' ஏற்றியது. ஒரு சனிக்கிழமை, முக்காலி, டார்ச், மகளின் உதவி. புது இசட்எஃப்எஸ் அமைத்து, எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற இரண்டு நாள். டிஎன்எஸ் பொறி பெட்டியின் சொந்த எஸ்எஸ்டிக்குக் குடிபெயர்ந்தது. சாவி இப்போது பீரோவுக்கு வெளியே.

(இத்தனையும் வேண்டாம், ப்ராக்ஸ்மாக்ஸுக்கே இசட்எஃப்எஸ் தெரியும், வட்டுகளை அதனிடமே விட்டுவிட்டு ஒரு சின்னக் கன்டெய்னர் வழியாகப் பகிர்ந்தால் போதும் என்று நான்காவது ஒரு கொள்கை இருக்கிறது. அதுவே எளிது என்று இப்போது தோன்றுகிறது. ஏட்டின் பக்கங்கள் குறைந்துவிடும் என்பதால் இங்கே விரிக்கப்படவில்லை.)

வாய்மொழித் தேர்வு

அட்டை மாறிய அன்று இரவே வட்டுகள் வாய் திறந்தன. பெயர் சொன்னன, வரிசை எண் சொன்னன, 9,000 மணிக்கு மேல் ஓடியிருப்பதைச் சொன்னன. வெப்பநிலை: ஒன்று 54, இன்னொன்று 56. வீட்டு வட்டுகள் பலவற்றுக்கும் 60 டிகிரியே எல்லை. அன்றிலிருந்து தினமும் காலை ஐந்து மணிக்கு ஆய்வாளருக்கும், தவறுதலாகப் பட்டியலில் சேர்க்கப்பட்ட நெறியாளருக்கும் எச்சரிக்கை மின்னஞ்சல் வரத் தொடங்கியது. நான்காம் நாள் பெட்டி பரணிலிருந்து இறங்கியது. இப்போது ஹாலில் செருப்பு ஸ்டாண்டுக்கு மேல், மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கிருந்த பூச்சாடி பரணுக்குப் போயிற்று.

புறத்தேர்வாளர் பெட்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, இது ராத்திரியும் கத்துமா என்று மட்டும் கேட்டார். கத்தும் என்று ஆய்வாளர் ஒப்புக்கொண்டார்.

நெறியாளர் கைப்பேசியில் அன்றைய மின்னஞ்சலைப் படித்துக்கொண்டிருந்தார். '47, 48னு போட்டிருக்கு,' என்றார். 'முன்னாடி 31தானே இருந்தது. நல்லாத்தானே இருந்தது. எதுக்கு மாத்துனீங்க?'