சூடாகக் கேளுங்கள்!

ஒன்றரை டன் ஏ.சி. வாங்கினேன். இரண்டே பேர் தூக்கி வந்து மாட்டிவிட்டார்களே, ஏமாந்துவிட்டேனா?

உண்மையிலேயே ஒன்றரை டன் இருந்தால், ஏ.சி.யோடு சுவரும் அல்லவா கீழே வந்திருக்கும்! அது மெஷினின் எடை இல்லை, ஐஸின் எடை. ஒரு டன் (அமெரிக்கக் கணக்கில் 907 கிலோ) ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகம்தான் 'ஒரு டன்'. ஐஸ் பாளம் வைத்துக் குளிரூட்டிய காலம் போயிற்று. டன் மட்டும் போகவில்லை. இன்றைய கணக்கில் மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது சுமார் 3.5 கிலோவாட். பயப்படாதீர்கள், அது அறையிலிருந்து வெளியேறும் வெப்பம். மின்சாரம் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் செலவாகும்.

ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி வேண்டுமாமே. ஐஸ் வாட்டர் குடித்தே இளைத்துவிடலாமா?

ஒரு லிட்டர் குடித்தால் உடம்பு 37,000 கலோரி செலவழிக்கும். துள்ளாதீர்கள்! சாப்பாட்டில் நாம் 'கலோரி' என்பது கிலோகலோரியை. ஆக, வெறும் 37. ஒரு இட்லிக்கே கட்டுப்படியாகாது.

என் மனைவி என்னை 'டியூப்லைட்' என்கிறாள். விஞ்ஞானப்படி சரியா?

தவறு. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரி. தினம் 2,000 கிலோகலோரி சாப்பிடுபவர் சராசரியாக 100 வாட் அளவில் எரிகிறார். பழைய டியூப்லைட் 40 வாட்தான். நீங்கள் இரண்டரை டியூப்லைட்!