இன்னொரு பிளேட்

பழைய அம்பாசடர் எஸ்டேட் கார் வைத்திருப்பவரிடம் 'வண்டி எப்படிப் போகுது?' என்று கேட்கக் கூடாது, மனசு நோகும். முன்பக்கம் டார்ஷன் பார், பின்பக்கம் லாரிக்குத் தங்கை முறையான லீஃப் ஸ்பிரிங். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் நாலு மூட்டை ஏற்றினால் பதவிசாகப் போகும். மூட்டையை இறக்கிவிட்டு மாமனாரை ஏற்றும்போதுதான் அதன் தூக்கிப்போடும் குணம் தெரியும்.

திண்டுக்கல் ஒர்க்‌ஷாப்புகளில் இதற்குக் கைவைத்தியம் ஒன்று உண்டு: "இன்னொரு பிளேட் ஏத்திருவோம்ணே, கிண்ணுன்னு நிக்கும்." நிற்கும்தான். பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வண்டி நிற்கும். பள்ளத்துக்குப் பள்ளம் பின்சீட்டுக்காரரும் எழுந்து நிற்பார்.

வேண்டியது நேர் எதிர் வைத்தியம். ஸ்பிரிங் கட்டைக் கழற்றி, பிளேட்டுகளுக்கு நடுவே இருக்கும் துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவ வேண்டும். துரு ஏறினால் பிளேட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காது. அத்தனையும் சேர்ந்து ஒரே இரும்புக்கட்டையாகிவிடும். தேய்ந்த ஷேக்கிள் புஷ்ஷையும், எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பரையும் மாற்ற வேண்டும். நகம் கறுக்கும் வேலை. யாருக்குப் பொறுமை?

இந்தக் குலுக்கலில் வேகத்தடைக்கும் பங்குண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் (கட்சி அல்ல) 1988-இல் சொன்ன அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். நம் தெருக்களில் அகலத்தில் மிச்சம் பிடித்து, உயரத்தில் தாராளம் காட்டியிருக்கிறார்கள். ஆட்டோக்காரர் சாமர்த்தியமாக ஓரத்து மண்ணில் இறக்கி ஓட்டிவிடுகிறார். எஸ்டேட்டின் உடம்புக்கு அந்தச் சலுகையும் இல்லை.