ஓட்டோவுக்குள்ளை குடை

மருமோன், ஊருக்குள்ளை உன்ரை பேர் நல்லா அடிபடுது. உன்ரை ஓட்டோவிலை ஏறினால் பிறகு வீட்டை போய்க் குளிக்கத் தேவையில்லை எண்டு ரீச்சர்மார் பகிடி பண்ணுகினம். போன கிழமை ஒரு ரீச்சர் உள்ளுக்கிருந்து குடை விரிச்சுக்கொண்டு வித்தியானந்தாப் பக்கம் போனதை நானே கண்டனான். குடைக்கும் சேத்து வாடகை எடுத்தியோ, இல்லைக் குடை கொண்டு வந்ததுக்கு ஏதும் கழிச்சு விட்டியோ தெரியாது. ஊத்தங்கரைப் பிள்ளையாரடியிலை எங்களுக்கு ஒரு ஊத்துக் கிடக்கு, அது காணும். பின் சீற்றிலை நீ இன்னொண்டு திறக்கத் தேவையில்லை.

கோவிக்காதை, இரு. தேத்தண்ணியைக் குடி. பெய்தது மழையே? ஆவணிச் சில்லறை மழை. இதுக்கே இப்பிடியெண்டால், வாடை துவங்கி ஐப்பசி கார்த்திகையிலை அடைமழை பிடிக்கேக்கை நீ ஓட்டோவை விட்டிட்டு நந்திக்கடலிலை தோணி வலிக்கப் போகலாம். இப்பவே பாதி பழகியிட்டாய்.

நீ தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள்ளை உன்ரை வாகனத்தை ஒருக்கால் சுத்திப் பாத்தன். சோடனையிலை குறை சொல்லேலாது. நாலு மூலைக்கும் ஸ்பீக்கர். சீற்றுக்குக் கீழை நீல லைற். பின்னுக்கு ஒரு நடிகர் கறுப்புக் கண்ணாடியோடை நிக்கிறார். ஸ்பீக்கர் நனையாமல் பொலித்தீன் பை கட்டியிருக்கிறாய் பார், அதிலைதான் உன்ரை அறிவு தெரியுது. பாட்டு நனையக் கூடாது, ரீச்சர் நனையலாம்.

கூரையைப் பாத்தன். கடவுளே. ஒரு இடத்திலை சைக்கிள் ரியூப் துண்டு, சொலூசன் போட்டு ஒட்டியிருக்கு. பக்கத்திலை தார். அங்காலை சிலிக்கன். எல்லாத்துக்கும் மேலை ஒரு வேட்பாளரின்ரை ஸ்ரிக்கர். தேர்தல் முடிஞ்சாப் பிறகு அவர் எங்கடை ஊருக்குச் செய்த சேவை அது ஒண்டுதான், ஒரு விரற்கடை இடத்திலை தண்ணி மறிச்சுக்கொண்டு நிக்கிறார்.

சொலூசன் றப்பருக்குப் பிறந்தது, மோனை. உன்ரை கூரை றெக்சின், றப்பர் இல்லை. கீழை துணி, மேலை பிளாஸ்ரிக் பூச்சு. அந்தப் பிளாஸ்ரிக் வெடியாமல் நெளியிறதுக்கு அதுக்குள்ளை ஒரு எண்ணெய் கலந்துதான் செய்யிறாங்கள். அந்த எண்ணெய் கசிய உன்ரை ரியூப் துண்டு ரெண்டு வெயிலுக்குள்ளை சோளப்பொத்தி மாதிரி உரிஞ்சு நிக்கும், இப்ப நிக்கிறதைப் போலை. தார் சித்திரையிலை உருகி உள்ளுக்கு வடியும். வெள்ளைச் சீலையோடை ஒருத்தர் ஏறின அண்டைக்குத்தான் வடியும், அது அதின்ரை குணம். சிலிக்கன்தான் எல்லாத்திலும் கெட்டது. அது ஒருக்கால் பட்ட இடத்திலை பிறகு வேறை எந்தப் பசையும் ஒட்டாது. நாளைக்கு ஒருத்தன் ஒழுங்காச் செய்ய வந்தாலும் அதை முழுக்கச் சுரண்டி எடுத்துப்போட்டுத்தான் கை வைக்க வேணும்.

இதுக்குள்ளை பெரிய பகிடி என்னெண்டால், இவ்வளவு ஒட்டும் போட்டது பிழையான இடத்திலை. பின் சீற்றிலை சொட்டுது எண்டு பின்னுக்கு ஒட்டியிருக்கிறாய். தண்ணி உனக்குப் பொய் சொல்லிப்போட்டுது, மருமோன். அது உள்ளுக்கு வாறது முன்னுக்காலை, கண்ணாடிச் சட்டத்திலை ஹூட் வந்து பிடிக்கிற இடத்திலை. அங்கை நுழைஞ்சு, இரும்புக் குழாய் வழியே, உள் லைனிங்குக்கு மேலாலை ஆறுதலா நடந்து போய், எங்கை லைனிங் தொங்குதோ அங்கை சொட்டுது. ரிக்கற் எடுக்காமல் ஏறின பயணி மாதிரி, ஏறின இடம் ஒண்டு, பிடிபடுற இடம் இன்னொண்டு.

கண்டுபிடிக்கிற வழி சொல்லுறன். நல்ல வெயில் நாளிலை உள் லைனிங்கைக் கழட்டு. உன்ரை தம்பியை உள்ளுக்கு இருத்து, கையிலை வெள்ளைக்கட்டியைக் குடு. நீ வெளியிலை நிண்டு செம்பிலை தண்ணி எடுத்து, கீழ்க்கரையிலை துவங்கி மெல்ல மெல்ல மேலை ஊத்திக்கொண்டு வா. வாளியோடை உச்சியிலை கவிழ்க்காதை, எல்லா இடமும் ஒண்டா நனைஞ்சால் ஒண்டும் விளங்காது. கீழை ஊத்தேக்கை வராமல் ஒரு விரல் மேலை ஊத்தேக்கை வந்தால் ஓட்டை அந்த ஒரு விரலுக்குள்ளைதான். தம்பி கோடு கீறுவான். அவன் நனைவான்தான். ரீச்சர் நனைஞ்சவ, அவன் நனைஞ்சால் என்ன?

அனேகமா ஓட்டை றெக்சினிலை இராது, தையலிலைதான் இருக்கும். ஊசி குத்தின ஒவ்வொரு இடமும் ஓட்டை. அந்தக் காலத்துக் கன்வஸ் கூடாரங்களுக்குப் பருத்தி நூல் போட்டவை. மழை பட்டவுடனை நூல் ஊதி ஓட்டையைத் தானே அடைச்சுக்கொள்ளும். றெக்சினுக்கு அந்த வித்தை சரிவராது, பருத்தி நூல் உள்ளுக்குள்ளை ஈரத்தைப் பிடிச்சு உக்கிப் போகும். நைலோன் நூலை வெயில் கெதியிலை தின்னும். பொலியெஸ்ரர் நூல்தான் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். குஷன் கடைக்காரன் மெசினிலை என்ன நூல் கிடக்கோ அதாலைதான் அடிப்பான். நீ பக்கத்திலை நிண்டு கேட்டு வாங்க வேணும். போனைப் பாத்துக்கொண்டு நிண்டால் அவன் தலகாணி தைக்கிற நூலாலை தைச்சுத் தருவான். நூலிலை கொஞ்சம் தேன்மெழுகு தேய்க்கச் சொல்லு. மெழுகுக்கு எங்கடை காட்டுக்குள்ளை பஞ்சமே?

பழைய தையல் விட்டுப்போன இடத்தைக் கையாலை தைக்கப்போறாய் எண்டால் பழைய ஓட்டைக்குள்ளாலையே ஊசியை விடு. புதுசு புதுசாக் குத்தினால் முத்திரை கிழிக்கிற மாதிரி நேராக் கிழிஞ்சு வரும். ஒட்டு வைக்கிறதெண்டால் றெக்சினுக்கு உள்ள பசையாலை, அதே சாதித் துண்டாலை, மூலையை வட்டமா வெட்டி வை. கூர் மூலைதான் முதல் கிளம்பும்.

இப்ப ஒரு முக்கியமான விசயம். ஒரு துண்டுக்கு மேலை மற்றத் துண்டு ஏறுறது எந்தப் பக்கமாக எண்டு பார். வீட்டுக்குக் கிடுகு வேயிற ஆளுக்கு இது சொல்லத் தேவையில்லை, கீழ் வரிசை முதல், மேல் வரிசை அதுக்கு மேலை. வீடு நிண்ட இடத்திலை நிக்கும், மழை மேலையிருந்து வரும். உன்ரை வீடு ஓடுற வீடு. நீ மாங்குளம் றோட்டிலை ஒட்டுசுட்டான் பக்கம் விடுற விடுகைக்கு மழை மேலையிருந்து வாறேல்லை, முன்னுக்கிருந்து வருது. ஆனபடியால் முன் துண்டு பின் துண்டுக்கு மேலை படுத்திருக்க வேணும். உன்ரையிலை மறுவளம் கிடக்கு. காத்து வாயைத் திறந்து குடுக்குது, மழை உள்ளுக்கு வருது. ஆர் தைச்சவன் எண்டு நான் கேக்கேல்லை. மலிவாச் செய்தவன் எண்டு நீ சொன்ன ஞாபகம்.

நாடாக்களையும் இழுத்துக் கட்டு. தளந்த ஹூட்டிலை ரெண்டு குழாய்க்கு நடுவிலை தண்ணி குளம் கட்டும். தண்ணிமுறிப்புக் குளம் ஒண்டு போதாதே எங்களுக்கு? தேங்கி நிக்கிற தண்ணி எந்தத் தையலுக்குள்ளாலும் பொறுமையா வழி தேடும். அதோடை குழாயைத் தடவிப் பார். துருப்பிடிச்சுச் சொரசொரத்தால் அது உள்ளுக்கிருந்தே றெக்சினை அராவும். அரத்தாள் போட்டுத் தேச்சு, பெயின்ற் அடிச்சு, மேலை ஒரு துணிப்பட்டி சுத்திவிடு. புது ஹூட்டைக் கொண்டுவந்து துருக்குழாயிலை மாட்டிறவங்களும் இருக்கிறாங்கள். காசு கூடின ஆக்கள்.

நீ என்ன நினைக்கிறாய், கூரையைக் கெடுக்கிறது மழையெண்டே? மழை வந்து கோள் மூட்டுறது மட்டும்தான். செய்யிறதெல்லாம் வெயில். இதை நான் செட்டிகுளத்திலை படிச்சனான். 2009இலை எங்களையெல்லாம் மெனிக் பாமிலை கொண்டுபோய் விட்டாங்களே, அங்கை யூஎன்எச்சீஆர் தறப்பாள். துண்டு 4 மீற்றருக்கு 5 மீற்றர். ஒரு குடும்பத்தின்ரை மாடமாளிகை அதுதான். மழைக்கு அது அசையேல்லை. வெயில் பட்ட பக்கம்தான் பொருக்கு வெடிச்சு, விரலாலை தொட்டால் கிழிஞ்சுது. மரநிழல் விழுந்த பக்கம் புதுசாக் கிடந்தது. 2012 புரட்டாதியிலை அந்த முகாமை மூடுமட்டும் அதுக்குக் கீழை இருந்த சனத்திட்டை கேள், தறப்பாளைப் பற்றி ஆளுக்கொரு புத்தகம் எழுதுவினம். அந்தா என்ரை விறகை மூடியிருக்கிற தறப்பாள் துண்டைப் பாக்காதை. அது தரமாட்டன்.

ஆனபடியால் ஓட்டோவுக்கு ஒரு கொட்டில் போடு. நாலு தடி, பத்துப் பதினைஞ்சு கிடுகு. கூரைக்கு ஒரு கூரையோ எண்டு சிரிக்காதை. பனைக்குக் கீழை விடாதை, காவோலையும் பழமும் விழும். மாவுக்குக் கீழை விட்டால் பால் வடியும், குருவி எச்சம் தின்னும், குரங்கு ஊஞ்சல் ஆடும். முள்ளியவளைக் குரங்குகளுக்கு ஓட்டோ ஹூட் கண்டால் ஒரு சந்தோசம். பாய்ஞ்சு விளையாட ஆர் இவ்வளவு மெத்தெண்டு செய்து வைச்சான் எண்டு யோசிக்குதுகள் போலை.

மினுக்குறன் எண்டு நீ மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிறதையும் கண்டனான். மண்ணெண்ணெய்யின்ரை அருமை எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம். தொண்ணூறுகளிலை, பொருளாதாரத் தடைக்குள்ளை, காபரேற்றருக்குச் சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்யிலை மோட்டுச் சைக்கிள் ஓடின ஆக்கள் நாங்கள். எஞ்சினுக்கு அண்டைக்கு வேறை வழியில்லை. றெக்சினுக்கு இண்டைக்கு வழி இருக்கு. மண்ணெண்ணெய் உள்ளுக்கு இருக்கிற எண்ணெயை உறிஞ்சு எடுத்துப்போடும். துடைச்ச அண்டைக்கு மினுங்கும், பிறகு அப்பளம். சவுக்காரத் தண்ணியும் மெத்துத் தும்பும் போதும். சோழகம் அடிச்சு முடியேக்கை கிரவல் றோட்டுப் புழுதி எல்லாம் தையலுக்குள்ளை இருக்கும், அதை முதல் வெறுந் தண்ணியாலை ஓடவிட்டுப்போட்டுத் தேய். பக்கத்துச் சீலையை ஈரத்தோடை சுருட்டிக் கட்டாதை. பூஞ்சணம் பிடிச்சு மணக்கும். உன்ரை ஏற்கனவே மணக்குது.

தகரம் அடிப்பம் எண்டு சொல்லுறாய். அடி. மூண்டு சில்லுக்கு மேலை பாரத்தை ஏத்தி, வளைவிலை நீ பிரளுறதைப் பாக்க எனக்கும் வேறை பொழுதுபோக்கு இல்லை. மழை பெய்யேக்கை தகரம் பறைமேளம் அடிக்கும், உன்ரை நாலு ஸ்பீக்கரும் தோற்கும். இத்தாலிக்காறன் 1948இலை ஸ்கூட்டருக்குப் பின்னாலை ரெண்டு சில்லைப் பூட்டி முதல் வண்டியை விடேக்கை ஓட்டுறவனுக்குக் கூரையே இல்லையாம், பேரன் போனிலை படம் காட்டினவன். கூரை பிறகு இரங்கிப் போட்டது. பாரமில்லாமல் இருக்கவேணும் எண்டுதான் துணியாலை.

புது ஓட்டோ எடுப்பம் எண்ட கதையையும் விடு. 2020 பங்குனியிலை வாகன இறக்குமதியை நிப்பாட்டின காலத்திலை பழசுகளுக்கெல்லாம் மாப்பிள்ளை விலை வந்தது. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டுக்குள்ளை கியூஆர் காட்டிக் கிழமைக்கு 5 லீற்றர் வாங்கி உன்னைக் காப்பாத்தினதும் இந்தக் கிழவிதான். அவளுக்கு ஒரு சட்டை தைச்சுக் குடுக்க உனக்கு மனம் வருகுதில்லை.

உன்னை விடப் பெரிய மேதாவி ஒருத்தன் எனக்கு இருக்கிறான். ஸ்காபரோவிலை என்ரை பெறாமகன். கூரையை மடிக்கிற கார் வாங்கியிருக்கிறான். எங்கடை சனம் ஒரு தறப்பாளுக்காக வரிசையிலை நிண்ட சனம், இவன் கூரையைக் கழட்டுறதுக்குக் கூடக் காசு கட்டியிருக்கிறான். அதுவும் பனி கொட்டுற ஊரிலை. போன மாதம் வீடியோவிலை வந்து, "பெரியப்பா, காலடியிலை தண்ணி நிக்குது" எண்டு அழுறான். நான் இஞ்சை முத்தத்திலை இருந்து கனடாக் காருக்கு வைத்தியம் பாத்தன். கூரை மடிஞ்சு விழுற பள்ளத்திலை தண்ணி போக ஒரு துவாரம் இருக்குமடா, அதுக்குள்ளை இலை அடைச்சிருக்கும், மெல்லிய வயரை விட்டுக் கிண்டு எண்டன். கிண்டினான், கறுப்பு ஊத்தை வந்துதாம். நனைஞ்ச கூரையை மடிக்காதை, குளிரிலை பின்பக்கப் பிளாஸ்ரிக் கண்ணாடியை மடிச்சால் கீறி வெடிக்கும் எண்டும் சொன்னன். அவன் கேட்டான். ஒரு டொலரும் அனுப்பேல்லை, அது வேறை கதை.

அவனுக்குச் சொன்னதைத்தான் உனக்கும் சொல்லுறன். வாடை துவங்க இன்னும் கொஞ்ச நாள் கிடக்கு. குஷன் கடைக்காரனுக்கு இப்ப வேலை இல்லை, விலை பேசலாம். முதல் அடைமழைக்கு முள்ளியவளையிலை இருக்கிற ஓட்டோ எல்லாம் அவன்ரை வாசலிலை நிக்கும், அண்டைக்கு அவன் சொல்லுறதுதான் விலை. நாலு ஸ்பீக்கரிலை ரெண்டை வித்தால் நல்ல றெக்சின் வரும். வெளிர் நிறமா எடு. கறுப்பு எடுத்தால் உள்ளுக்குள்ளை ரீச்சர் அவிஞ்சு போவா. நடிகரைக் கழட்ட மனமில்லையெண்டால் அவர் நிக்கட்டும், பின்பக்கத் தையலை மறைக்காமல் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு.

அடுத்த கிழமை எனக்கு மாஞ்சோலை ஆசுப்பத்திரியிலை கிளினிக். உன்ரை ஓட்டோவிலைதான் வருவன். ஹூட் தைச்சுக் கிடந்தால் போக வர முழு வாடகை. தைக்காமல் வந்தாயெண்டால் நான் குடையோடை வருவன், குடை பிடிச்ச கூலி நீ தாறாய். சம்மதமே? வாடகை தாறன் எண்டு நான் சொன்னதை மட்டும் மாமியின்ரை காதிலை போட்டிடாதை.