செருப்பு அளவு தெரியும்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிப் பிள்ளையைப் பற்றி அரசுக்குத் தெரியாதது இல்லை. சாதி, ஆதார், ரத்த வகை, உயரம், எடை, அப்பாவின் தொழில், ஏன், செருப்பு அளவுகூட எமிஸ் என்கிற கல்வித் தகவல் தளத்தில் ஏறியாக வேண்டும். ஏற்றுவது யார்? கல்வி உரிமைச் சட்டக் கணக்கில் 60 பிள்ளைகள்வரை இரண்டே ஆசிரியர்கள், வகுப்போ ஐந்து. ஒருவர் தலைமையாசிரியர், அதாவது கைப்பேசியோடு சிக்னல் தேடி வேப்பமரத்தடியில் நிற்பவர். மற்றவர் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ‘சத்தம் போடாதே’ என்கிற பாடத்தை நடத்துகிறார். 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்கிற அடிப்படைக் கற்றல் திட்டம் வந்தபின் மதிப்பீடும் செயலிக்குள் போய்விட்டது. ஐந்தாம் வகுப்புப் பையன் இரண்டாம் வகுப்புப் பாடத்தை எழுத்துக்கூட்டித் திணறுகிறான் என்று பதிந்தால் ஒரு சத்தமும் இல்லை. பதியாவிட்டால்தான் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து போன்: “என்ன சார், என்ட்ரி இன்னும் பெண்டிங்?”