சிக்கிமுக்கி அல்ல, சிக்கிமிக்!

கேள்வி: தேயிலைக்குள் சிக்கிமிக் அமிலம் இருக்கிறதாமே! சிக்கிம் மாநிலத்துச் சரக்கா? (வாசகர், மடுல்கெல்ல)

பதில்: சிக்கிமும் இல்லை, சிக்கிமுக்கிக் கல்லும் இல்லை. ‘சிக்கிமி’ ஒரு ஜப்பானிய மரம். பிரியாணியில் போடும் அன்னாசிப் பூவுக்குப் பங்காளி; ஆனால் நஞ்சு. 1885இல் எய்க்மன் என்ற டச்சுக்காரர் அதிலிருந்து இந்த அமிலத்தைப் பிரித்தெடுத்தார்.

கேள்வி: அதனால் தேயிலைக்கு என்ன லாபம்? (வாசகி, பன்வில)

பதில்: செடிகளும் பாக்டீரியாக்களும் ஏழு படி ஏறி கோரிஸ்மிக் அமிலம் செய்கின்றன. நாலாம் படியில் பிறப்பது சிக்கிமிக். கோரிஸ்மிக்கிலிருந்து பினைல்அலனின், அதிலிருந்து கேட்டச்சின். உங்கள் பிளேன்டீயின் துவர்ப்பும் செம்பு நிறமும் அந்தக் கேட்டச்சினின் கைங்கரியம்.

கேள்வி: இடையில் நிற்பவர் என்றாலே எனக்குச் சந்தேகம். இது தரகர் வேலையா? (வாசகர், வத்தேகம)

பதில்: தரகர் கமிஷனை வாங்கிக்கொண்டு அப்படியே இருப்பார். இது தன்னையே கொடுத்து அடுத்த பொருளாக மாறிவிடும். நியாயமான ஆள்.

கேள்வி: புல் மருந்து அடித்தால் புல் மஞ்சளித்துச் சாவது எப்படி? (வாசகர், மடுல்கெல்ல)

பதில்: அந்த ஏழு படிகளில் ஆறாம் படியில் வேலை செய்யும் நொதியைக் கிளைபோசேட் என்ற புல் மருந்து கட்டிப்போடுகிறது. லொறி வராத நாளில் மடுவத்தில் கொழுந்து குவிகிறதே, அதுபோல இலைக்குள் சிக்கிமிக் குவியும்; கோரிஸ்மிக் கிடைக்காமல் புல் சாகும். செடியில் மருந்து பட்டதா என்று ஆய்வுகூடத்தில் பார்ப்பவர்கள் அந்தக் குவியலைத்தான் அளக்கிறார்கள். 2015இல் இலங்கை அரசு கிளைபோசேட்டைத் தடைசெய்தது; 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடையை நீக்கியது. இடைப்பட்ட காலத்தில் சுரண்டிக்கு மறுவாழ்வு!

கேள்வி: மனித உடம்பில் அந்த ஏழு படிப் பாதையே இல்லையாம். அப்படியானால் மருந்தடிக்கிறவருக்குப் பயமில்லைதானே? (வாசகி, உடதும்பர)

பதில்: பாதை இல்லாதது உண்மை. அதனால்தான் பினைல்அலனினைப் பருப்பிலும் கருவாட்டிலும் தேடுகிறோம். ஆனால் நம் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் பலவற்றுக்கு அது உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் கிளைபோசேட்டைப் ‘பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற வரிசையில் சேர்த்தது. அமெரிக்க, ஐரோப்பிய கட்டுப்பாட்டு அமைப்புகள் அதை ஏற்கவில்லை. அவர்கள் வழக்காடட்டும். நீங்கள் கையுறையும் முகமூடியும் இல்லாமல் மருந்து டாங்கியை முதுகில் ஏற்றாதீர்கள். கை கழுவாமல் ரொட்டியைத் தொடாதீர்கள்.